விழுங்கின பிறகு வாற ருசி

தம்பி, அந்தப் பையைக் காலால தட்டிப்போடாதேங்கோ. உள்ளுக்குப் போத்தில் கிடக்கு. இல்லையில்லை, நீங்கள் இருங்கோ, எழும்பத் தேவையில்லை. நான் மடியில வைச்சுக்கொள்ளுறன். துவாயால மூண்டு சுத்துச் சுத்தித்தான் கொண்டு வாறன், எண்டாலும் பயம். அந்த வருசத்துப் போத்திலில இது ஒண்டுதான் மிச்சம்.

தமிழ்தானே? போனில கதைச்சதைக் கேட்டனான். கோயம்புத்தூரோ? நல்லது, நல்லது. எயார்போட்டுக்குத்தானே? நானும் அங்கதான். இந்த பஸ்ஸில ஒண்டரை மணித்தியால ஓட்டம். என்னோட கதைச்சுக்கொண்டு வந்தால் நேரம் போறது தெரியாது. "பரா அண்ணை, உங்கட வாய்க்கு ஆமைப்பூட்டுத்தான் போடோணும்" எண்டு நேசன் சொல்லுவான், என்னோட வேலை செய்த பெடியன். பரராசசிங்கம் எண்டது என்ர முழுப்பேர். இஞ்ச ஆருக்கும் அது வாயில நுழையாது. அதால பரா.

அவன்ர மனிசியைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போறன். சுபோதினி. மகன் அபியும் வாறான், ஒன்பது வயசு. கொழும்பில இருந்து பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்குகினம். நேசன் இஞ்ச வர வள்ளம் ஏறேக்க பெடியன் தாயின்ர வயித்தில. தகப்பனை போனுக்குள்ள மட்டும்தான் கண்டவன். நேசன் செத்து இந்தப் பங்குனியோட ஆறு வருசம்.

போத்திலில என்னவெண்டோ? வைன் தம்பி. வெள்ளை வைன். உடன முகத்தைச் சுழிக்காதேங்கோ. நான் வெள்ளிக்கிழமை மச்சம், இறைச்சி ஒண்டும் தின்னாத ஆள். பதினொரு வருசமா வைன் செய்யிற இடத்தில வேலை, ஒரு நாளும் ஒரு கிளாஸ் குடிச்சதில்லை. வாயில விட்டு, அலசி, மூக்கால காத்தை விட்டுப் பாத்திட்டுத் துப்பிறது. அவ்வளவுதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, என்ர நாக்கு மாதிரி அந்தத் தோட்டத்தில வேற நாக்கு இல்லை. இதை நான் சொல்லேல்லை, முதலாளிப் பெம்பிளை ஜூடித் சொன்னவ. முப்பது வருசமா இதே தொழில் செய்யிற மனிசி. இப்பவும் எந்த வைன் தாங்கியைத் திறந்தாலும் "பரா எங்க?" எண்டுதான் கேப்பா.

எங்கட தோட்டம் தெற்குக் கரையில. வேலிக்கங்கால மணல், மணலுக்கங்கால கடல், அதுக்கங்கால பனிப்பாறை வரைக்கும் ஒரு துண்டு நிலம் இல்லை. அந்தக் காத்து வந்தால் வெயில் காலத்திலயும் காது விறைக்கும். நான் வந்த புதுசில, இந்தக் குளிருக்கை எந்த விசரன் முந்திரிகை, நீங்கள் திராட்சை எண்டுறது, நட்டவன் எண்டு யோசிச்சனான். பிறகுதான் விளங்கினது. உள்ளுக்கு, வெக்கைப் பக்கம் விளையிற பழம் கெதியாப் பழுக்கும், இனிப்புக் கூடும், வைன் தடிப்பா வரும். குடிச்சவன் மத்தியானமே படுத்திடுவான். இஞ்ச அப்பிடி இல்லை. பழம் பழுக்கவா விடவா எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் பழுக்கும். இனிப்பு மெல்ல மெல்ல ஏறும், புளிப்பு இறங்காது. அதுதான் இதின்ர விசேசம்.

வாயில விட்ட உடன ஒண்டும் தெரியாது. பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கும். நீங்கள் ஏமாந்து போவியள். பிறகு கடவாயில தேசிக்காய், உங்கட எலுமிச்சங்காய், அதின்ர தோலைக் கடிச்ச மாதிரி ஒண்டு வரும். அதுக்குப் பிறகு பச்சை மாங்காயின்ர காம்படி. நீங்கள் விழுங்கி, கிளாஸைக் கீழ வைச்சு, பக்கத்தில இருக்கிறவனோட கதைக்கத் தொடங்கின பிறகு, உப்பு வரும். கடற்கரையில நிண்டு சொண்டை நக்கினால் வருமே, அந்த அளவு உப்பு. உண்மையில அதுக்குள்ள உப்பு இல்லையாம். எண்டாலும் வரும். வந்து நெடுநேரம் நிக்கும். அதுக்குத்தான் தம்பி மெல்பேர்னில இருந்து காரைப் பிடிச்சுக்கொண்டு வருகினம். பச்சைச் சிப்பியை உடைச்சு வைச்சுக்கொண்டு, இதில ஒரு வாய், அதில ஒரு வாய். விழுங்கினபிறகு கண்ணை மூடிக்கொண்டு இருப்பினம்.

நேசனுக்கு இந்த விசர் பிடிபடேல்லை. "அண்ணை, இந்தப் புளிச்ச தண்ணிக்கு ஏன் இவ்வளவு எடுப்பு?" எண்டு கேப்பான். பருத்தித்துறைப் பக்கத்துப் பெடியன், கடலுக்குள்ள பிறந்து வளந்தவன். ஒருநாள் ஜூடித் தன்ர கையால அவனுக்கு ஒரு வாய் குடுத்தா. விழுங்கிப்போட்டுச் சொன்னான்: "இது எங்கட கடல் இல்லை அண்ணை. எங்கட கடல் சூடு. இது ஆரையும் தெரியாத கடல்." நான் அதை இங்கிலீசில மாத்தி ஜூடித்துக்குச் சொன்னன். மனிசி அதைத் தன்ர கொப்பியில எழுதி வைச்சா. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இந்தப் பதினொரு வருசத்தில நான் சொன்ன ஒண்டையும் அவ கொப்பியில எழுதேல்லை.

நல்ல பெடியன் தம்பி. சொன்ன வேலையைச் செய்வான். அண்ணை சொன்னால் சரி எண்டு செய்வான். அதுதான்... சரி, விடுங்கோ.

எப்பிடிச் செத்தவன் எண்டுதானே கேக்கப் போறியள்? எல்லாரும் கேக்கிறதுதானே. தாங்கிக்குள்ள. எட்டாம் நம்பர்த் தாங்கி. சில்வர் தாங்கி, ரெண்டு ஆள் உயரம். மேல ஒரு மூடி, கீழ ஆள் குனிஞ்சு நுழையிற அளவில ஒரு கதவு. அந்தக் கதவின்ர விளிம்பு நிலத்தில இருந்து முழங்கால் உயரத்தில இருக்கும். சாறு புளிச்சு நுரைக்கேக்க ஒரு காத்து வரும். மணம் இல்லை, நிறம் இல்லை, பாரம் கூடின காத்து. வைனை வேற பீப்பாவுக்கு மாத்தின பிறகும் அந்தக் காத்து தாங்கியின்ர அடியில தண்ணி மாதிரித் தேங்கி நிக்கும். மூச்சில எடுத்தால் ஆள் முடிஞ்சான். அதை அளக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கு, கூடாத காத்தெண்டால் கீச்சுக் கீச்செண்டு கத்தும். அந்தப் பெட்டி பிடிச்சுப் பாக்காமல், ஜூடித் கையெழுத்து வைக்காமல், ஒருதரும் தாங்கிக்குள்ள தலை நீட்டக்கூடாது. சட்டம். சுவரில பெருசா எழுதி ஒட்டிக் கிடக்கு.

அந்த வருசம் வெக்கை முந்திட்டுது. எல்லாப் பழமும் ஒண்டாப் பழுத்துப் போச்சு. கடற்கரைத் துண்டில முதல் வெட்டின பழம்தான் எட்டாம் தாங்கியில கிடந்தது. அண்டைக்கு விடிய நானும் நேசனும் வைனைப் பீப்பாவுக்கு மாத்தினம். குழாய் பிடிச்சவன் அவன். அடியில தடிச்ச மண்டி மட்டும் மிச்சம். பத்து மணிக்கு அடுத்த பழம் வருகுது, கொட்ட வேற தாங்கி இல்லை, ஆள் உள்ளுக்குப் போய் அந்த மண்டியை வழிச்சால்தான் உண்டு. ஜூடித் பம்புக்கு ஏதோ சாமான் வாங்கவெண்டு ரவுணுக்குப் போயிட்டா. அளக்கிற பெட்டி அவவின்ர அறைக்குள்ள, அறை பூட்டு. பழம் வெயிலில நிண்டால் பழுதாப் போயிடும். அந்த நேரம் ஆர் பொறுப்பு? நான்தானே பொறுப்பு!

நீங்கள் கிணறு இறைக்கிறதைக் கண்டிருக்கிறியளோ? எங்கட ஊரில கனகாலம் மூடிக்கிடந்த கிணத்துக்குள்ள ஆள் இறங்க முந்தி, ஒரு விளக்கைக் கொளுத்திக் கயித்தில கட்டி இறக்கிப் பாப்பினம். விளக்கு நூந்தால், அணைஞ்சு போனால், நச்சுக் காத்து, இறங்கக்கூடாது. எரிஞ்சால் இறங்கலாம். என்ர அப்பு அப்பிடித்தான் பாத்தவர், அவற்ற அப்புவும் அப்பிடித்தான். எத்தினை தலைமுறை! ஒருதரும் சாகேல்லை. நான் வேலையிடத்து என்ர உடுப்புப் பெட்டிக்குள்ள பிள்ளையார் படமும் ஒரு சிட்டி விளக்கும் வைச்சிருக்கிறனான், வெள்ளிக்கிழமையில கொளுத்த. அதை ஒரு தகரப் பால்ப்பேணிக்குள்ள வைச்சு, முந்திரிகைக் கொடி கட்டிற நூலால கட்டி, மேல் மூடியால இறக்கினன். நேசன் கீழ்க் கதவால எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவன். "எரியுது அண்ணை, நல்லா எரியுது" எண்டவன். நானும் மேல நிண்டு பாத்தனான். எரிஞ்சது தம்பி. இந்தக் கண்ணால பாத்தனான். விளக்கு நூரேல்லை. ஆர் வேணுமெண்டாலும் எதையும் சொல்லட்டும், விளக்கு நூரேல்லை.

என்ன? நூல் அடி மட்டும் போனதோ எண்டோ? கெட்டிக்காரன்தான் நீங்கள். இன்ஸ்பெக்டர்கூட அதைக் கேக்கேல்லை. கேக்க அவருக்கு விளக்கு விசயமே தெரியாதே. நூல் கொஞ்சம் கட்டை. ஒரு முழம் கட்டை, கதவு விளிம்பு மட்டத்தில வந்து நிண்டிட்டுது. ஒரு முழம்தானே தம்பி! பழ லொறி வாசலில வந்து கோன் அடிக்கிறான். இன்னொரு துண்டு நூல் வெட்ட அந்தப் பக்கம் போகோணும். "போ, உள்ளுக்குப் போ, கெதியா வழிச்சுக்கொண்டு வா" எண்டன்.

ஓம். நான்தான் சொன்னனான்.

போய் நிமிந்து நிண்டவன். "உள்ளுக்கு நல்ல குளிர் அண்ணை" எண்டு சொல்லிச் சிரிச்சவன். தாங்கிக்குள்ள நிண்டு சிரிச்சால் குரல் ரெண்டு மூண்டாக் கேக்கும். பிறகு மண்டியை வழிக்கக் குனிஞ்சான். குனிஞ்சவன் நிமிரேல்லை.

நான் மூடியால "நேசன், நேசன்" எண்டு கத்தினன். கீழ ஓடிவந்து கதவால கையை விட்டன், அவன்ர சட்டை எட்டேல்லை. நூலில தொங்கின விளக்கை எடுத்து அவன்ர முகம் கிடந்த பக்கமாத் தாழ்த்திப் பிடிச்சன், ஆள் மூச்சு விடுறானோ பாக்க. பிடிச்ச உடன நூந்துபோச்சு. பக்கெண்டு, ஆரோ ஊதின மாதிரி. அந்தத் திரி மணம் மூஞ்சையில அடிச்சுது. நான் உள்ளுக்குப் போகேல்லை. போகக்கூடாது தம்பி, அது சட்டம். ரெண்டாவதாப் போறவனும் செத்துப்போவான் எண்டு படம் போட்டுப் படிப்பிச்சிருக்கினம். அவையள் படிப்பிச்சதில நான் அண்டைக்குக் கேட்டது அந்த ஒண்டைத்தான்.

தண்ணி இருக்கோ? ஒரு மிடறு தாங்கோ. காணும், காணும்.

பொலிஸ், இன்ஸ்பெக்டர், எல்லாரும் வந்து கேட்டவை. எனக்கு அப்ப விசா தற்காலிகம். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். திருப்பி அனுப்பினால் எங்க போறது? பேணியையும் விளக்கையும் வேலிக்கங்கால மணலுக்குள்ள தாட்டுப்போட்டு வந்து நிண்டன். "நான் கக்கூசுக்குப் போனனான், திரும்பி வரேக்க அவன் தன்ரபாட்டில உள்ளுக்குப் போயிட்டான்" எண்டன். ஒரு வசனம். அவ்வளவுதான் நான் சொன்னது. செத்தவனுக்கு ஒரு வசனத்தால என்ன வரப்போகுது எண்டு நினைச்சன். இறங்கக்கூடாதெண்டு தெரிஞ்சும் தனிய இறங்கினவர் எண்டு அறிக்கையில எழுதிப்போட்டினம்.

அந்த அறிக்கை ஊருக்குப் போனது. அதில வந்தது வினை. நேசன் சாகிறதுக்குப் பத்து நாளைக்கு முந்தித்தான் அவன்ர அகதி வழக்கைத் தள்ளுபடி செய்து கடிதம் வந்தது. அண்டைக்குப் பெண்சாதியோட போனில அழுதிருக்கிறான், "இனி என்னால ஏலாது சுபோ" எண்டு. அவளும் பாவம், களைச்சுப்போய், "ஏலாதெண்டால் நாங்கள் என்ன செய்யிறது?" எண்டு கேட்டு போனை வைச்சிட்டாள். இப்ப விளங்குதே? பெட்டை நினைக்கிறாள், அவன் வேணுமெண்டு உள்ளுக்குப் போனவன் எண்டு. தான் கேட்ட கேள்வியாலதான் போனவன் எண்டு. ஊரும் அப்பிடித்தான் கதைக்குது. பள்ளிக்கூடத்தில பெடியனிட்ட, "உன்ர அப்பா தானாச் செத்தவராமே" எண்டு கேட்டிருக்குதுகள்.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் அவளுக்குப் போன் எடுப்பன். ஆறு வருசத்தில ஒரு கிழமை தவறினதில்லை, அதை ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது. பெடியனுக்குச் சப்பாத்து, சைக்கிள், எல்லாம் நான்தான். எல்லாம் கதைச்சு முடிய, கடைசியில அவள் கேப்பாள்: "பரா அண்ணா, அவர் அண்டைக்கு எப்பிடி இருந்தவர்? முகம் எப்பிடி இருந்தது?" நான் சொல்லுவன், "சந்தோசமாத்தான் பிள்ளை இருந்தவன், நீ அப்பிடி நினைக்காதை". "அப்ப ஏன் அண்ணா போனவர்?" எண்டு கேப்பாள். லைன் கிளியர் இல்லை எண்டு வைச்சிடுவன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் எண்டு நீங்கள் நினைப்பியள். எனக்கு நெஞ்சில ஒண்டும் இல்லை தம்பி. நித்திரை வரும், சாப்பாடு இறங்கும். வாயில மட்டும்தான். அந்தப் பீப்பா வைனை அடுத்த மார்கழியில ருசி பாக்க எடுத்தம். தேசிக்காய் வந்தது. மாங்காய் வந்தது. துப்பினன். உப்பு வாறதுக்குப் பாத்துக்கொண்டு நிண்டன். உப்பு வந்து, அதுக்குப் பின்னால நூந்த திரியின்ர மணம் வந்தது. நல்லெண்ணெயும் கருகின பஞ்சும்.

ஜூடித்தைப் பாக்கச் சொன்னன். அவவும் பாத்திட்டு, ஓம், நெருப்புக்குச்சி உரசின மாதிரி ஒரு மணம் இருக்கு, மண்டியோட காத்துப்படாமல் கிடந்தால் அப்பிடி வாறதுதான், சனத்துக்கு அது நல்ல விருப்பம் எண்டா. உண்மைதான். அந்த வருசத்து வைனுக்குத் தங்கப் பதக்கம் குடுத்தவை. சனம் கவுண்டரில நிண்டு மணந்து மணந்து "ஆகா" எண்டும். நான் ஊத்திக் குடுத்துக்கொண்டு நிப்பன். நெருப்புக்குச்சி பத்தேக்க வாற மணம் வேற, திரி நூரேக்க வாற மணம் வேற. அவவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அடுத்த வருசத்து வைனிலயும் வந்தது. அதுக்கடுத்ததிலயும். அவன் நிக்காத தாங்கியில இருந்து எடுத்ததிலயும் வருகுது. இப்ப என்னெண்டால் வீட்டில தேத்தண்ணி குடிச்சாலும், விழுங்கின பிறகு வருகுது. மனிசி என்னை டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போனவ. மூக்குக்குள்ள லைற் அடிச்சுப் பாத்திட்டு ஒண்டும் இல்லை எண்டான்.

சுபோதினியை இஞ்ச எடுப்பிச்சது நான் இல்லை. ஜூடித்தான் கடிதம் எழுதி, விசா எடுத்து, ரிக்கெற்றும் அனுப்பினவ. எனக்குச் சொல்லாமலே! எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து, "பரா, உனக்குச் சந்தோசமா இருக்கும்" எண்டா. நான் தலையை ஆட்டினன். வேற என்ன செய்ய?

போன ஞாயிறு சுபோதினி சொன்னாள்: "அண்ணா, அந்தத் தாங்கியை ஒருக்காப் பாக்கோணும். அவர் கடைசியாக் கையால தொட்ட அந்த வைனில ஒரு சொட்டு நாக்கில வைச்சுப் பாக்கோணும்." சைவக்காரப் பிள்ளை தம்பி, முட்டைகூடத் தின்னாது. "ஏன் பிள்ளை உனக்கு உந்த விசர் வேலை?" எண்டு பேசினன். "தெரியோணும் அண்ணா" எண்டாள். என்ன தெரியோணும் எண்டு நான் கேக்கேல்லை. ஜூடித் அலுமாரியில கடைசியா இருந்த இந்தப் போத்திலை எடுத்து என்ர கையில தந்திட்டா. அவள் வாயில வைச்சால் தேசிக்காய்தான் வரும், உப்புத்தான் வரும். வேற என்ன வரப்போகுது? ஆனால் அவளுக்கும் அந்தத் திரி மணம் வந்தால்? என்ர முகத்தைப் பாத்து, "இது என்ன மணம் அண்ணா?" எண்டு கேட்டால்?

ரெண்டு தரம் நினைச்சன், இந்த பஸ் ஏறாமல் விடுவம் எண்டு. வேற ஒரு பெடியனை அனுப்பலாம். ஒரு தரம் நினைச்சன், போத்திலைத் தற்செயலா விழுத்திற மாதிரி விழுத்திவிடுவம் எண்டு. பாருங்கோ எப்பிடியெல்லாம் புத்தி போகுது. பிறகு துவாயை எடுத்துச் சுத்தினன்.

ஆ, போன் அடிக்குது. இல்லை, மெசேச்தான். கண்ணாடி எங்க வைச்சன்... நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ தம்பி.

இறங்கியாச்சோ. வெளியால வந்து நிக்கினமோ. "அபி உங்களைத்தான் முதல் பாக்கோணும் எண்டு நிக்கிறான்." அப்பிடியோ போட்டிருக்கிறாள்? சரி. சரி, தாங்கோ.

உதோ கட்டிடம் தெரியுது. உங்கட பிளேன் எத்தினை மணிக்கு? மூண்டரைக்கோ? அப்ப கனக்க நேரம் கிடக்கு. தம்பி, ஒரு உதவி செய்யோணும். நான் உங்களுக்குத் தெரிஞ்சவனும் இல்லை, உறவும் இல்லை, மறுத்தாலும் கோவிக்க மாட்டன். நூல் கட்டையெண்டதை, போ எண்டு நான் சொன்னதை, இந்த ஆறு வருசத்தில என்ர மனிசிக்கும் நான் சொன்னதில்லை. இந்த பஸ்ஸுக்குள்ளதான் முதல் தரம் வாயால வந்தது. தனியப் போய் நிண்டால், அவளின்ர முகத்தைக் கண்ட உடன என்ர வாய் பழையபடி "நான் கக்கூசுக்குப் போனனான் பிள்ளை" எண்டுதான் சொல்லும். எனக்கு என்ர வாயைத் தெரியும். நீங்கள் பக்கத்தில நிண்டால் அது அப்பிடிச் சொல்லேலாது, நீங்கள் கேட்டுப்போட்டியள். நீங்கள் ஒரு கதையும் கதைக்க வேண்டாம். இந்தப் போத்திலைப் பிடிச்சுக்கொண்டு, நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் பக்கத்தில நிண்டால் காணும்.

வருவியளோ?